கடத்திகளில் மின்னோட்டமும் தடையும்

இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகலப் பகுதி இருவகைத் தொழிலாற் பெயர் பெற்றது. மலைச்சரிவுகளிலே தேயிலையும் றப்பரும் வளர்கின்றன. தாழ்ந்த வயல்களிலும் ஆற்றோரங்களிலும் குழி தோண்டி இரத்தினக்கல் எடுக்கின்றனர். அக்குழிகளின் அடியில், அகழ்வோர் ‘இல்லம்’ என்று வழங்கும் பரற்படையிலே (அச்சொல்லுக்கும் வீட்டுக்கும் தொடர்பில்லை), நல்லூழ் உள்ளவர்க்கு நீலக்கல் கிட்டும். அதே வயலுக்கு மேலாகத் தூணுக்குத் தூண் மின்கம்பி செல்கின்றது. கீழே கிடக்கும் கல்லுக்கும் மேலே செல்லும் கம்பிக்கும் உறவு உண்டென எண்ணுவோர் அரியர். வேதிநூல் பயின்றோர்க்கோ அவ்வுறவு வெளிப்படை. கம்பி அலுமினியத்தால் ஆயது. நீலக்கல், அவ்வலுமினியம் ஒட்சிசனோடு சேர்ந்து படிகமான பொருள். இரும்பும் தைத்தானியமும் அணுவளவாகக் கலந்திருத்தலால் அதற்கு நீல நிறம் வாய்த்தது.

தனித்து நிற்கையில் அலுமினியம் மின்னை எளிதிற் கடத்துகின்றது. ஒட்சிசனோடு கூடியபின் அதனை அறவே மறுக்கின்றது. ஒரே நீளமும் ஒரே பருமனும் உள்ள ஓர் அலுமினியத் துண்டையும் ஒரு நீலக்கற் துண்டையும் ஒப்பிட்டால், கல்லின் தடை உலோகத்தின் தடையினும் கோடி கோடி மடங்குக்கு மேற்பட்டது. இத்துணைப் பெரிய வேறுபாடு எங்ஙனம் எழுந்தது என்பதை அறிந்தவர்க்கு மின்னியலின் அடிப்படை விளங்கிவிடும். தோட்டத்து லயன்களில் மின்சாரத்தால் நேரும் தீவிபத்துக்களிற் சிலவற்றின் காரணமும் அவ்விளக்கத்துள் அடங்கியுள்ளது.

மின்னோட்டம் என்பது மின்னேற்றங்கள் ஒருவழிப்பட நகர்தலே ஆகும். உலோகங்களில் அவ்வாறு நகர்வன இலத்திரன்கள். அலுமினிய அணு ஒவ்வொன்றும் தன் புறவட்டத்து இலத்திரன்கள் மூன்றைப் பொதுவுடைமையாக விட்டுவிடுகின்றது. அவை எந்த அணுவுக்கும் உரியன ஆகாமல் உலோகம் முழுவதும் திரிகின்றன. நீலக்கல்லிலோ அம்மூன்று இலத்திரன்களையும் ஒட்சிசன் அணுக்கள் கைப்பற்றி இறுகப் பிடித்துக்கொண்டன. திரிவதற்கு இலத்திரன் இல்லாத இடத்தில் மின்னோட்டம் ஏது? முன்னையது கடத்தி, பின்னையது காவலி.

ஓர் அம்பியர் என்பது எத்தகைய ஓட்டம் என்பதை எண்ணால் உணர்தல் நன்று. கம்பியின் ஒரு குறுக்குவெட்டை ஒரு செக்கனில் ஏறத்தாழ 62,400 கோடி கோடி இலத்திரன்கள் கடக்குமாயின், அஃது ஓர் அம்பியர். இவ்வெண்ணைக் கேட்ட மாணவன் இலத்திரன்கள் மின்னல் வேகத்தில் விரைவதாகக் கருதுவான். உண்மை அதற்கு மாறானது. 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுடைய செப்புக் கம்பியில் 1 அம்பியர் ஓடுகையில், இலத்திரன் கூட்டம் முன்னேறும் வேகம் செக்கனுக்கு 0.07 மில்லிமீற்றர் அளவே. ஒரு மீற்றர் தூரத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேண்டும். நத்தையும் அதனை முந்திவிடும். வேகம் இவ்வளவு சிறிதாயினும் எண்ணிக்கை மிகப் பெரிதாதலின் ஓட்டம் வலுவுடையதாகின்றது.

அங்ஙனமாயின் சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிவது எப்படி? கம்பி வெறுமையாய் இருந்து பின் நிரம்புவதன்று. அது தொடக்கத்திலேயே இலத்திரன்களால் நிறைந்துள்ளது. மின்னழுத்தம் பொருந்திய கணமே, அவற்றைத் தள்ளும் மின்புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிய விரைவிற் பரவுகின்றது. எங்கெங்கும் உள்ள இலத்திரன்கள் ஏககாலத்தில் அசையத் தொடங்குகின்றன. வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஆடலோட்டம் ஆதலால், செக்கனுக்கு 50 முறை அவை முன்னும் பின்னும் அசைவதன்றி ஓரிடம் விட்டு ஓரிடம் செல்வதுமில்லை. நிவித்திகலவில் ஒரு மின்குமிழை ஏற்றும் இலத்திரன்கள் இலக்சபானாவிலிருந்து வந்தவை அல்ல. அக்குமிழின் இழையிலும் அதனை அடுத்த கம்பியிலும் முன்னரே இருந்தவை. மின்நிலையம் அனுப்புவது சக்தியை; இலத்திரன்களை அன்று.

நகரும் இலத்திரன்கள் உலோகத்தினுள் தடங்கலின்றிச் செல்வதில்லை. அணுக்கள் வெப்பத்தால் ஓயாது அதிர்ந்துகொண்டிருக்கின்றன. வேற்றுப் பொருள்களின் அணுக்களும் இடையிடையே கலந்துள்ளன. இலத்திரன்கள் இவற்றால் மீண்டும் மீண்டும் சிதறடிக்கப்பட்டுத் தாம் பெற்ற சக்தியை இழக்கின்றன. அவ்விழப்பே வெப்பமாகத் தோன்றுகின்றது. இவ்வாறு ஓட்டத்துக்கு எதிராய் நிற்கும் தன்மையே தடை எனப்படும்.

தடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை வரையறுத்தவர் யேர்மனி நாட்டுப் பள்ளி ஆசிரியரான ஜோர்ஜ் சைமன் ஓம். தடையின் அலகுக்கு வழங்கும் பெயர் நம்மவர்க்குப் பிரணவத்தை நினைவூட்டினும், அஃது இவ்வாசிரியரின் குடும்பப் பெயரே. கொலோன் நகரத்துக் கல்லூரியொன்றிற் கற்பித்த காலத்தில், வெவ்வேறு நீளமுடைய கம்பிகளில் ஓட்டம் எவ்வாறு மாறுகின்றது என அவர் அளந்தார். அக்காலத்து மின்கலங்களின் வலு நிமிடத்துக்கு நிமிடம் தளர்ந்தமையால் முதலில் எடுத்த அளவுகள் ஒன்றோடொன்று ஒவ்வாமற் போயின. பின்னர் அவர் பிசுமத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு மூட்டைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, தளராத ஒரு சிறு மின்னழுத்தத்தைப் பெற்றார். நுண்மதியினும் இப்பொறுமையே அவருக்கு வெற்றி தந்தது எனல் பொருந்தும். 1827ஆம் ஆண்டில் அவர் தம் முடிவை நூலாக வெளியிட்டபோது அதனை மதித்தோர் சிலரே; 1841இல் இலண்டன் இறோயல் சங்கம் கொப்பிளிப் பதக்கம் வழங்கிய பின்னரே அவர் புகழ் பரவியது.

அவர் கண்ட விதி சுருக்கமானது. வெப்பநிலை மாறாதவிடத்து, ஒரு கடத்தியில் ஓடும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையேயுள்ள அழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதசமன். அழுத்தத்தை உவோற்றிலும் ஓட்டத்தை அம்பியரிலும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் ஈவு தடை. அதன் அலகு ஓம். இவ்விதி எல்லாப் பொருள்களுக்கும் பொருந்துவதன்று என்பதையும் மாணவர் மறத்தலாகாது. உலோகங்கள் இதற்கு அடங்கும். வாயுக்களும் குறைகடத்திகளும் தத்தம் போக்கிற் செல்லும்.

கம்பி நீண்டால் தடை கூடும், தடித்தாற் குறையும். பொருளுக்குப் பொருள் அது வேறுபடும். 1 மீற்றர் நீளமும் 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டும் உடைய செப்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.017 ஓம்; அலுமினியத்துக்கு 0.028, இரும்புக்கு 0.1, கேத்தலின் சுருளாகப் பயன்படும் நைக்குரோமுக்கு 1.1. செம்பே சிறந்ததாயின், தூண்களில் அலுமினியம் ஏறியது ஏன்? அலுமினியத்தின் அடர்த்தி செம்பினதில் மூன்றில் ஒரு பங்கிலும் குறைவு. ஒரே தடை வேண்டின் அலுமினியக் கம்பியைச் சற்றுத் தடிப்பாக்க வேண்டும். அங்ஙனம் தடித்த பின்னும் அதன் எடை செப்புக் கம்பியின் எடையிற் பாதியே. விலையும் குறைவு. மலைக்கு மலை கம்பி இழுப்பவர்க்கு இது சிறு நன்மையன்று.

வெப்பநிலையும் தடையை மாற்றும். செம்பின் வெப்பநிலை 1 பாகை செல்சியசு ஏறுந்தோறும் அதன் தடை நூற்றுக்கு 0.4 அளவு பெருகும். பழைய இழை மின்குமிழில் இது கண்கூடு: தங்குதன் இழை வெண்மையாய்ச் சுடர்கையில் அதன் தடை குளிர்ந்த நிலையினும் பத்து மடங்குக்கு மேற்பட்டிருக்கும். சபரகமுவ மாகாணத்தின் மற்றொரு பகுதியாகிய கேகாலையில், போகல சுரங்கத்திலிருந்து காரீயம் எடுக்கப்படுகின்றது; அஃது உலோகம் அன்றாயினும் மின்னைக் கடத்துவது. காரீயமும் கரியும் கலந்து செய்யும் துண்டுகள் மோட்டர்களின் சுழலும் பாகத்தைத் தொட்டவாறு மின்னைச் செலுத்துகின்றன. தொழிலாளர் அவற்றைக் ‘காபன் பிரஷ்’ என்பர். கரிப் பொருள்கள் பலவற்றில், உலோகங்களுக்கு மாறாக, வெப்பம் ஏறத் தடை இறங்குவதைக் காணலாம்.

தடையின் விளைவாகப் பிறக்கும் வெப்பத்துக்கு விதி கண்டவர் ஆங்கிலேயரான யூல். 1840ஐ அடுத்து அவர் செய்த சோதனைகளின்படி, செக்கனொன்றிற் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கிய அளவினது. வர்க்கம் என்ற சொல்லை ஊன்றி நோக்குக. ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும்.

மின்சாரத்தைத் தொலைவுக்கு அனுப்புவோர் உயர் அழுத்தத்தை நாடுவதற்கு இவ்வர்க்கமே காரணம். 100 கிலோவாற்று வலுவை 230 உவோற்றில் அனுப்பினால் ஓட்டம் 435 அம்பியர். 33,000 உவோற்றில் அனுப்பினால் 3 அம்பியர் போதும். மூவவத்தை முறையின் நுட்பங்களை ஒதுக்கி, கம்பி ஒன்றே எனக் கொண்டால், பின்னதில் வீணாகும் வெப்பம் முன்னதில் ஏறத்தாழ இருபதினாயிரத்தில் ஒரு பங்கு. இலங்கையின் நீர்வலுவால் மின்னாக்கலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் கட்டுரையாக வைத்தார். சிவனொளிபாதமலைக்கு அப்பால், இலக்சபானாவில் அக்கனவு நனவானது 1950இல். 66,000 உவோற்று அழுத்தம் இன்றேல் அம்மின்சாரம் கொழும்பை அடையுமுன்னரே பெரும்பகுதி கம்பிகளைச் சூடாக்கி ஒழிந்திருக்கும். இரத்தினபுரி மாவட்டத்திலேயே, பலாங்கொடையை அடுத்து 1992இல் இயங்கத் தொடங்கிய 120 மெகாவாற்றுச் சமனலவெவ நிலையத்துக்கும் இதே நியாயம்.

உயர் அழுத்தம் ஊர் எல்லையிலுள்ள மின்மாற்றியோடு நின்றுவிடுகின்றது. அதற்கு இப்பால் 230 உவோற்று. அங்கிருந்து வீடு வரையுள்ள தூரமே இடர் நிறைந்தது. மலைநாட்டிலும் சபரகமுவவிலும் உள்ள தோட்ட லயன்கள் பெரும்பாலும் வெள்ளையர் காலத்தில், மின்விளக்கு என்ற எண்ணமே இன்றிக் கட்டப்பட்டவை. தொழிற்சாலைக்கு மின்சாரம் வந்து நெடுங்காலம் சென்ற பின்னரே அவற்றுக்கு அது கிடைத்தது. வந்தபோதும், ஒரு வீட்டுக்கென இழுத்த கம்பியிலிருந்து அடுத்த வீட்டுக்கும், அதிலிருந்து அதற்கடுத்த வீட்டுக்கும் என நீட்டிக்கொண்டு போன இடங்கள் உண்டு. இது மக்களின் அறியாமை என்று ஒதுக்குதல் நேர்மையன்று. முறையான இணைப்புக்குப் பணமும் அனுமதியும் வேண்டும், அவை எளிதிற் கிட்டுவன அல்ல.

அத்தகைய லயன் ஒன்றை எண்ணிப் பார்க்க. இணைப்பிலிருந்து கடைசி வீடு 60 மீற்றர் தூரம். கம்பி 1 சதுர மில்லிமீற்றர் செம்பு. மின்னோட்டம் போகவும் மீளவும் வேண்டுதலின் கம்பியின் முழு நீளம் 120 மீற்றர். தடை ஏறத்தாழ 2 ஓம். அவ்வீட்டில் 2,000 உவாற்றுக் கேத்தல் ஒன்றைப் போடுகின்றனர். அதன் சுருளின் தடை 26.5 ஓம். இரண்டும் தொடராக நிற்றலின் மொத்தம் 28.5 ஓம்; ஓட்டம் 8 அம்பியர். கேத்தலுக்கு 230 உவோற்றுக்குப் பதிலாக 213 உவோற்றே எட்டுகின்றது. கம்பி வழியில் 134 உவாற்று வெப்பமாகப் போகின்றது.

அடுத்த வீட்டாரும் அதே கம்பியிலிருந்து அத்தகைய கேத்தல் ஒன்றைப் போட்டால் என்ன ஆகும்? தடைகள் இரண்டாயின, ஆதலால் ஓட்டம் குறையும் எனச் சில மாணவர் விடை எழுதுவர். வீட்டுப் பொருள்கள் தொடராக இணைக்கப்படுவன அல்ல, சமாந்தரமாக இணைக்கப்படுவன. புதிய கேத்தல் ஓட்டத்துக்கு ஒரு புதிய வழியைத் திறக்கின்றது; எனவே கேத்தல்களின் கூட்டுத்தடை 26.5இலிருந்து பாதியாகின்றது. ஓட்டம் 15 அம்பியராக உயர்கின்றது. கம்பியிற் பிறக்கும் வெப்பமோ 134இலிருந்து 466 உவாற்றாக, மூன்றரை மடங்காகப் பெருகுகின்றது. அழுத்தம் 199 உவோற்றுக்கு இறங்க, மின்குமிழ்கள் மங்குகின்றன. இரத்தினக்கற் குழியில் நீரிறைக்கும் மோட்டர் தொடங்கும் கணத்தில் அயல்வீட்டு விளக்குகள் தாழ்ந்து எழுவதற்கும் இதுவே காரணம். மோட்டர் தொடங்குகையில் தன் வழக்கமான ஓட்டத்தினும் ஐந்தாறு மடங்கு இழுக்கும்.

466 உவாற்று என்றாலும், 120 மீற்றர் நீளத்திற் பரவி நிற்பதால் ஒரு மீற்றருக்கு 4 உவாற்றே வரும். கம்பி இளஞ்சூடாகும், திறந்த வெளியிற் சென்றால் அச்சூடு காற்றிற் கலந்துவிடும். உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. கம்பி எட்டாத இடத்தில் வேறொரு கம்பியைக் கையால் முறுக்கிச் சேர்த்து, மேலே நாடா சுற்றுகின்றனர். முறுக்கு நாளடைவிற் தளர்கின்றது. தொடும் பரப்புச் சுருங்குகின்றது. அம்மூட்டின் தடை அரை ஓம் ஆயிற்று எனக் கொள்க. மொத்தத் தடை கூடுவதால் ஓட்டம் 15இலிருந்து 14½ அம்பியராகக் குறைகின்றது. ஆயினும் அந்த 14½ அம்பியரும் அம்மூட்டைக் கடந்தே செல்லவேண்டும். அங்கே பிறக்கும் வெப்பம் 106 உவாற்று. 120 மீற்றருக்குப் பரவவேண்டியது போன்ற வெப்பத்தின் ஒரு பெரும் பங்கு, கட்டைவிரல் அளவான ஓரிடத்திற் குவிகின்றது. வீட்டுக் கம்பிகளின் பிளாத்திக்கு உறை 70 பாகைக்கு மேல் நெடுநேரம் தாங்க அமைந்ததன்று. அது முதலில் இளகும், பின் கருகும். மூட்டு இருப்பதோ, புகையேறி உலர்ந்த கூரை மரத்தின்மேல்.

உருகி எரிந்து ஓட்டத்தை நிறுத்தாதா என்ற வினா இங்கு எழும். உருகி அறிவது ஓட்டத்தின் அளவை மட்டுமே. பழுதுற்ற மூட்டு ஓட்டத்தைக் கூட்டவில்லை, குறைத்துவிட்டது. ஆதலின் உருகிக்கு அது முன்னையினும் நலமான நிலையாகவே தோன்றும். வீடுகளில் இப்போது பொருத்தப்படும் ட்ரிப் சுவிட்ச் செல்லும் ஓட்டத்தையும் மீளும் ஓட்டத்தையும் ஒப்பிட்டு, 0.03 அம்பியர் அளவு வேறுபாடு கண்டால் மின்னை வெட்டுவது. கருகும் மூட்டிற் சென்றதெல்லாம் மீள்கின்றது, வேறுபாடு இல்லை. அதுவும் வாளாவிருக்கும். உருகியின் இடத்தில் தடித்த செப்புக் கம்பியைக் கட்டுவோர் செய்யும் தீங்கைப் பலரும் அறிவர். ஒழுங்கான உருகியும் காவாத தீங்கொன்று உண்டென்பதை அறிந்தோர் சிலரே.

ட்ரிப் சுவிட்ச் காப்பது உடலை. உலர்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம். மழையில் நனைந்த உடலுக்கு அது 1,000 ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். 230 உவோற்றை அதனால் வகுத்தால் 0.23 அம்பியர், இதயத் துடிப்பைக் குலைக்கப் போதுமானதினும் மிகை. இரத்தினபுரியைப் போல மழை மிக்க மாவட்டத்தில் இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. காட்டுப்பன்றிக்கென வேலியில் மின்கம்பி கட்டும் சட்டவிரோத வழக்கத்தால் மனிதரும் யானைகளும் மாண்டமைக்கும் இதுவே கணக்கு.

மீண்டும் மூட்டுக்கு வருவோர் நீலக்கல்லையும் எதிர்கொள்வர். தூணிலிருந்து வருவது அலுமினியம். வீட்டினுள் இருப்பது பெரும்பாலும் செம்பு. இரண்டும் ஓரிடத்தில் இணைய வேண்டும். புதிதாய்ச் சுரண்டிய அலுமினியம் காற்றுப்பட்ட கணமே மங்கும். அதன் மேற்பரப்பில் ஒட்சைட்டுப் படலம் ஒன்று மூடிக்கொள்கின்றது. பருமன் ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்திற் சில பங்கே. படிக ஒழுங்கு அதற்கில்லை, நீல நிறமும் இல்லை. எனினும் வேதிச் சேர்க்கையில் அது நிவித்திகலக் குழியில் எடுக்கும் கல்லின் பொருளே. காவலியான அப்படலம், உலோகமும் உலோகமும் தொடவேண்டிய இடத்திற் குறுக்கே நிற்கின்றது. இறுக்கிப் பிடித்தால் படலம் ஆங்காங்கே உடைந்து உலோகம் தொடும். ஆனால் அலுமினியம் மென்மையானது. சூடேறியும் ஆறியும் வருகையில் திருகாணியின் அடியில் மெல்ல நசுங்கிப் பிடி தளரும். தளர்ந்த இடத்திற் காற்றும் ஈரமும் புக, படலம் மீண்டும் வளரும். ஈரத்தில் செம்பும் அலுமினியமும் கூடுமிடம் ஒரு சிறு மின்கலம் போலாகி அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். தடை கூட வெப்பம் கூடும். வெப்பம் கூட மூட்டு இன்னும் கெடும்.

ஆகையால் இத்தகைய மூட்டைக் கையால் முறுக்கி முடித்தல் தகாது. மின்வேலை தெரிந்தோர் அலுமினியத்தைக் கம்பித் தூரிகையாற் தேய்த்து, உடனே காற்றுப்படாவண்ணம் அதற்குரிய களிம்பைப் பூசி, இருவகை உலோகத்துக்கும் ஏற்ற இணைப்பியுட் செலுத்தி அழுத்துவர். பழைய மூட்டொன்று நலமாயுள்ளதா என அறிதற்கும் ஓமின் விதியே துணை. மின்னோட்டம் இல்லாதபோது மூட்டின் இருபுறமும் உவோற்றுமானியை வைத்தால் அது எப்போதும் சுழியே காட்டும். நல்ல மூட்டையும் கெட்ட மூட்டையும் அதனாற் பிரித்தறிய முடியாது. இரு கேத்தல்களையும் போட்டு, 14½ அம்பியர் ஓடவிட்டு அளத்தல் வேண்டும். நல்ல மூட்டில் ஓர் உவோற்றிற் சிறு பங்கே தோன்றும். அரை ஓம் தடையுள்ள மூட்டில் முள் ஏழு உவோற்றைக் கடந்து நிற்கும். இச்சோதனை பயிற்சியுடைய மின்வேலையாளர் ஒருவரே, காப்புடைய கருவிகொண்டு செய்யத்தக்கது.